எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் ஒரு சொல்

அந்தச் சொல்லை நான் முதலில் பார்த்தது கொல்லிமலை ஏறும் பஸ்ஸில். அடிவாரத்துக் காரவல்லி தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியிருப்போம். ஐப்பசி மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் தூங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் மடியில் வைத்திருந்த கவரைப் பிரித்தேன்.

எனக்கு மூன்று வாரமாக இருமல். நாமக்கல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியும் சோதனைக்கு வாங்கிக்கொண்டார்கள். எக்ஸ்ரே ரிப்போர்ட் என் கைக்கு வருவதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார். நாளைக்குக் கொண்டுவந்து காட்டுங்கள், சளி ரிசல்ட்டைப் போனில் சொல்கிறோம் என்றார்கள். வீட்டில் என் நாத்தனாரின் பதினோரு நாள் குழந்தை இருந்தது. இருந்து பார்த்துவிட்டுப் போக வழியில்லை.

ரிப்போர்ட்டில் நாலே வரி, இங்கிலீஷில். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். வலது என்பது புரிந்தது, நுரையீரல் புரிந்தது, மேல்பகுதி, பழைய, நோய்த்தொற்று எல்லாம் புரிந்தது. பழைய நோய்த்தொற்றின் ஏதோ ஒன்று வலது நுரையீரலின் மேல்பகுதியில் இருக்கிறது. அந்த ஏதோ ஒன்றுக்குப் போட்டிருந்த சொல் மட்டும் தெரியவில்லை. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். வெஸ்டிகெஸ். அப்படித்தான் அன்றைக்கு வாசித்தேன். வெஸ்டிஜஸ் என்று சொல்ல வேண்டும் என்பது பின்னால் தெரிந்தது.

பழைய நோய் எது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும், என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. பதினேழாம் வயதில், சேலத்தில் படிக்கும்போது எனக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். மலையில் சில ஊர்களைச் சேர்த்து ஒரு நாடு என்போம்; அரியூர் நாட்டில் எங்கள் ஊரில் மஞ்சள்காமாலை என்று சொல்லிவைத்தார்கள். லீவில் வீட்டுக்குப் போனால் மாத்திரை அட்டைகளை அம்மா அடுப்பில் போட்டு எரிப்பார். அந்த நாற்றம் வீட்டில் நிற்கும். அப்பா ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார். "இது இந்த ஊட்டத் தாண்டி வெளிய போகக்கூடாது சாமி. உனக்குக் கண்ணாலம் ஆகோணும்."

கல்யாணம் ஆனது. பைல் நாட்டுக்கு வந்தேன். எட்டு வருடம் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. குழந்தை இல்லை என்று இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்னே பெரிய வியாதி ஏதாவது இருந்ததா என்று இரண்டு இடத்திலும் கேட்டார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள்காமாலை என்றேன்.

அன்றைக்கு நான் வீடு சேரும்போது கரண்ட் போயிருந்தது. என் நாத்தனார் கட்டிலில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளை. அவளால் குனிய முடியாது. என் மாமியார் காலமாகி இரண்டு வருடம் ஆகிவிட்டதால் பிரசவத்துக்கு வந்தவளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் நான்தான் இருந்தேன். தினமும் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைப் படுக்கவைத்து வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவேன். பெண் குழந்தை. தண்ணீர் பட்டால் அழாது, கையை விரித்துக்கொண்டு என்னையே பார்க்கும்.

"என்ன சொன்னாங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாளைக்கு டாக்டரப் பாக்கோணுமாங்க."

காலையில் எழுந்தபோது பாதை இல்லை. வளைவில் மண் சரிந்து பாறையும் மரமும் ரோட்டில் கிடப்பதாகச் சொன்னார்கள். மறுபக்கம் முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும் ரோட்டையும் அடைத்துவிட்டார்கள். அது போகட்டும், மலைமேலேயே இருக்கும் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்காவது போகலாம் என்று பார்த்தால், எங்கள் ஊருக்கும் செம்மேட்டுக்கும் நடுவில் இருக்கும் தரைப்பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. டவரும் வேலை செய்யவில்லை. செல்லில் தேடினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் அந்த மழைக்குள் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் இரண்டு அறை. மழைக்குக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தோம். அடுப்புப் புகை வெளியே போகாமல் சுற்றியது. கட்டியிருந்த கயிற்றில் குழந்தையின் துணிகள் மூன்று நாளாகக் காயாமல் தொங்கின. தொண்டைக்குள் இருமல் ஏறும்போதெல்லாம் நான் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். அங்கே பசுவின் முதுகைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்துவிட்டு வருவேன். குழந்தை வந்த நாளிலிருந்து இதே வீட்டில், இதே குழந்தையின் முகத்துக்கு நேராக இருமியிருக்கிறேன் என்ற நினைப்புத்தான் என்னை அதிகம் வதைத்தது.

கொரோனா காலத்து மாஸ்க் ஒன்று பீரோவில் கிடந்தது. போட்டுக்கொண்டேன். குழந்தையைத் தூக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் அக்கா பக்கத்து வீடு. எனக்குச் சளியாக இருக்கிறது, நீங்கள் குளிப்பாட்டித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் வந்து குளிப்பாட்டினார். நான் வெந்நீரை வாசற்படியில் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சொல் மட்டும் விடவில்லை. பழைய நோய்த்தொற்றின் வெஸ்டிகெஸ். குட்டிகளா, முளைகளா, என்ன. சோறு வடிக்கும்போதும் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் அந்த அக்காவிடம் பள்ளிக்கூடச் சாவி கேட்டேன்.

"எதுக்குங்க?"

"அங்க இங்கிலீஸ் டிக்சனரி இருக்குமுல்லங்கக்கா. ஒரு வார்த்தை பாக்கோணும்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்து திறந்துவிட்டார். வாத்தியார்கள் எல்லோரும் கீழிருந்து வருகிறவர்கள், யாரும் இல்லை. அலமாரியில் ஒரு சின்ன இங்கிலீஷ்-தமிழ் அகராதி இருந்தது. ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வெஸ்ட் என்றால் கையில்லாத உள்சட்டை என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே வீட்டு முன்கூடத்துக்கு ஒரு சொல். அதற்கும் கீழே என் சொல் இருந்தது. நேரே மூன்று தமிழ்ச் சொற்கள். சுவடு, அடையாளம், எச்சம்.

சுவடு என்று படித்ததும் மூச்சு வந்தது. எச்சம் என்று படித்ததும் போய்விட்டது.

சுவடு என்றால் வந்தது போய்விட்டது, தடம் மட்டும் கிடக்கிறது. எச்சம் என்றால் மிச்சம். கொஞ்சம் இன்னும் உள்ளே இருக்கிறது. தமிழ்ப் பாடத்தில் வினையெச்சம் படித்திருக்கிறேன். வந்து, போய், இருந்து என்று முடியாமல் நிற்கும் வினை. முடிக்க இன்னொரு வினை வர வேண்டும். பழந்தமிழில் ஒருவர் விட்டுப்போகும் பிள்ளைகளையும் எச்சம் என்பார்கள் என்று எங்கள் டீச்சர் சொன்னதும் அப்போதுதானா நினைவுக்கு வர வேண்டும். அகராதி எழுதியவர் மூன்றில் ஒன்றைப் போட்டுவிட்டு நிறுத்தியிருக்கலாம். என் நுரையீரலில் இருப்பது இதில் எது என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் நாத்தனார் கேட்டுவிட்டாள். அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினேன். குழந்தை சிணுங்கியது. கட்டிலின் ஓரமாகக் கிடந்தது. நான் ஒரு எட்டு வைத்து எடுத்திருக்கலாம். எடுக்காமல், "அம்மிணி, பிள்ளயப் பாரு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஏனுங்கண்ணி, எம் பிள்ளயத் தொட்டா உங்களுக்கு என்னங்க?"

"சளி புடிச்சிருக்குது கண்ணு. அதனாலதான்."

"போன வாரமுந்தான் சளி இருந்துச்சு. அப்பத் தூக்குனீங்களே." குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு இல்லீன்னு எம் பிள்ள மேல ஆங்காரமா இருந்தாச் சொல்லீருங்க. ரோடு தெறந்ததும் நான் போயிர்றேன்" என்றாள். சொன்ன பிறகு அவளே அழுதாள்.

நான் மாஸ்க்குக்குள் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல முடியும். உண்மையைச் சொன்னால் அவள் என்னை அந்த வீட்டை விட்டே ஓடச் சொல்வாள், சொல்வதும் நியாயம். ஓட எனக்கு இடம் இல்லை. பொய்யைச் சொன்னால் அவள் நினைப்பது உண்மையாகிவிடும். இரண்டையும் சொல்லாமல் கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குக் கொட்டகையில் நின்று இருமினேனா அழுதேனா என்று பசுவுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் மறுபடியும் பள்ளிக்கூடம் போனேன். அலமாரியின் அடித்தட்டில் தடிமனான இங்கிலீஷ் அகராதி ஒன்றை முந்தின நாள் பார்த்திருந்தேன். இங்கிலீஷுக்கு இங்கிலீஷிலேயே பொருள் சொல்லும் புத்தகம் என்பதால் விட்டுவிட்டிருந்தேன். தரையில் உட்கார்ந்து மெதுவாக வாசித்தேன். முன்பு இருந்து இப்போது இல்லாத ஒன்றின் மிஞ்சிய தடயம் என்று நான் புரிந்துகொண்டேன். இல்லாத என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நாலு தடவை வாசித்தேன். கடைசியில், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். லத்தீன் மொழியில் வெஸ்டிகியம். காலடித் தடம் என்று அர்த்தம். எந்தக் காலத்திலோ எந்த ஊரிலோ மண்ணில் பதிந்த காலடிக்கு வைத்த பெயர் பிரெஞ்சுக்காரர் வாய்க்குப் போய், அங்கிருந்து இங்கிலீஷுக்கு வந்து, நாமக்கல்லில் யாரோ ஒருவர் விரலில் ஏறி என் ரிப்போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது.

காலடி என்றதும் எனக்கு என் வீட்டுக்காரர் நினைப்பு வந்தது. எங்கள் மரவள்ளிக் காட்டில், குச்சிக்கிழங்கு என்போம், பன்றி இறங்கும். காலையில் போய்த் தடத்தைப் பார்த்தே எத்தனை வந்தன, எப்போது வந்தன என்று சொல்லிவிடுவார். அன்றைக்கும் மழை கொஞ்சம் விட்டிருந்ததால் காட்டில்தான் இருந்தார். வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே போனேன்.

தோண்டிப்போட்ட கிழங்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வரப்பில் குளம்புத் தடங்கள் தண்ணீர் நிரம்பிக் கிடந்தன.

"ஏனுங்க, தடம் இருந்தாப் பன்னி இங்கயே இருக்குதுன்னு அர்த்தமுங்களா?"

என்னை வினோதமாகப் பார்த்தார். "தடம் கெடக்குதுன்னா போயிருச்சுன்னுதான் அர்த்தம். இதப் பாரு, ஓரமெல்லாம் கரைஞ்சு போச்சு. பழசு." பிறகு ஒரு கிழங்கைத் தட்டி மண்ணை உதறிக்கொண்டே, "ஆனா ஒரு தடவ வந்தது வழியத் தெரிஞ்சு வெச்சிருக்கும். வராதுன்னு எழுதிக் குடுக்க முடியாது" என்றார்.

அவர் பன்றியைப் பற்றித்தான் சொன்னார். வரப்பில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சேலம், மாத்திரை, மஞ்சள்காமாலை, ரிப்போர்ட், குழந்தையை ஏன் தூக்கவில்லை என்பது, எல்லாம். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டே சொன்னேன்.

அவர் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார்.

"ஏம்புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"அப்பா சொல்லக்கூடாதுன்னுட்டாருங்க."

"அவரு சொன்னது கண்ணாலத்துக்கு முந்தி. அதுக்கப்பறம் எட்டு வருசம் நாந்தான இருந்தேன்."

கிழங்கை மறுபடியும் எடுத்து மண்ணைத் தட்டினார்.

"மருந்த முழுசாத் தின்னியா?"

"ஒரு நாள் விடாமத் தின்னேனுங்க."

எழுந்து போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். தரைப்பாலத்தில் தண்ணீர் இறங்கி முழங்கால் அளவுக்கு வந்திருந்தது. ஆம்பளைகள் கயிறு கட்டித் தாண்ட ஆரம்பித்திருந்தார்கள். செம்மேட்டுக்குப் போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வருவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

அவர் திரும்பும் வரை அந்தப் பகல் நகரவே இல்லை. நாத்தனார் உள்ளறையில், நான் அடுப்படியில். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த அக்கா வந்து குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு, என்னையும் பார்த்து, அவளையும் பார்த்து, சாம்பிராணி போட்டுவிட்டுப் போனார். பொழுது சாயும் முன் என் வீட்டுக்காரர் வந்தார். தொடை வரை நனைந்திருந்தது.

"பழசுதானாம். ஆறிப்போன தழும்புன்னு சொன்னாரு டாக்டரு. இப்ப வந்ததில்லீன்னு தோணுது, ஆனா சளி ரிசல்ட்டு வர்ற வரைக்கும் மாஸ்க் போட்டுக்கட்டும்னாரு."

அவர் துணி கூட மாற்றாமல் உள்ளறைக்குப் போனார். என்னைக் கேட்காமல் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு அடுப்படியில் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இனி இந்த வீட்டில் ஒளிவு வேண்டாம் என்று நினைத்தாரா, என்னைத் தண்டிக்க நினைத்தாரா என்று தெரியவில்லை. பின்னால் கேட்டதற்கு, "பிள்ள அவளோடது. அவளுக்குத் தெரியோணும்" என்றார். அது சரிதான். என் வாயால் சொல்லியிருக்க வேண்டியது என்பதும் சரிதான்.

அவர் வெளியே வந்ததும் நாத்தனார் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் டவர் வந்தது. எல்லார் வீட்டுப் போன்களும் ஒரே நேரத்தில் கத்தின. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். சளியில் கிருமி இல்லை. பேசிய அம்மா அடுத்த ஆளுக்குக் கூப்பிடும் அவசரத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் கதவுக்கு வெளியே நின்று நாத்தனாரிடம் சொன்னேன். "செரீங்கண்ணி" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது. கதவு திறக்கவில்லை.

ரோடு திறந்த பிறகு நாமக்கல் போனேன், இந்தத் தடவை அவரும் வந்தார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இருமல் அடுப்புப் புகையாலும் அலர்ஜியாலும் வந்தது என்று மூச்சில் உறிஞ்சுகிற மருந்து எழுதினார். முன்னே வந்த நோயைப் பற்றி முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனை நாள் பயந்திருக்க வேண்டாம் என்றும் சொன்னார். நான் ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைக் காட்டினேன்.

"இதுக்குத் தழும்புன்னு இங்கிலீஷ்லயே ஒரு சின்ன வார்த்தை இருக்குதுங்களே டாக்டர், அது எனக்குத் தெரியும். அத எழுதியிருக்கலாமில்லீங்களா?"

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "எழுதியிருக்கலாம்தாம்மா" என்றார். "எழுதுறவங்களுக்கு ஒரு பழக்கம்." காலடித் தடம் என்பதுதான் அதன் முதல் அர்த்தம் என்று சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தார்.

நாத்தனார் மூன்று மாதம் இருப்பதாக வந்தவள். நாற்பதாம் நாள் முடிந்ததும் புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது என் காலில் விழ வந்தாள், நான் பிடித்துக்கொண்டேன். நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்கண்ணி என்றாள். வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அது முழு உண்மை அல்ல. போனில் பேசுகிறோம், குழந்தை தவழ்வதைப் படம் எடுத்து அனுப்புகிறாள். ஒவ்வொரு தடவையும், இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்காமல் வைப்பதில்லை.

அதற்குப் பிறகு அரியூர் நாட்டுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க மாப்பிள்ளகிட்டச் சொல்லிட்டேனுங்கப்பா. எல்லாத்தையும்."

மிளகைக் கிளறிக்கொண்டிருந்த கை நின்றது. "யாரு உன்னச் சொல்லச் சொன்னது? தங்கச்சி ஒருத்தி இருக்கறது உனக்கு நெனப்பு இல்லையா? அக்காளுக்கு இருந்துச்சுன்னா தங்கச்சிக்கும் இருக்கும்னுதான சொல்லுவாங்க?" குரல் உயரவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்ற பழைய பயம்தான் இன்னும் இருந்தது.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பதினாறு வருடத்துக்கு மேலாக அந்த மனுஷனும் உள்ளேயே அடைபட்டுக் கிடந்திருக்கிறார். ஆனால் தங்கச்சியையும் அதற்குள் வைத்துப் பூட்ட எனக்கு மனசில்லை. அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

தை மாதம் ஒரு வீட்டில் வந்தார்கள். காபி கொடுத்த பிறகு, மாப்பிள்ளையின் அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். எனக்குக் காசநோய் வந்தது, மருந்து சாப்பிட்டுப் பதினாறு வருடம் முன்பே ஆறிவிட்டது, தங்கச்சிக்கு வந்ததில்லை என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் இதுவரை அனுப்பவில்லை. அப்பா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

தங்கச்சிதான் போன் பண்ணினாள்.

"நீ சொன்னது செரிதான்க்கா," என்றாள். "ஆனா எனக்கு உம் மேல கோவமா இருக்குது."

"கோவப்படு சாமி," என்றேன்.

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.